கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்

அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். அதைப் பொடித்து எண்ணெயில் குழைத்து முகத்தில் தடவினால் விளக்கொளியில் முகம் பொன்னிறமாகத் தெரியும். அதன் மேல் முத்துவெள்ளை, கன்னத்துக்குச் சிவப்பு, புருவத்துக்கு மை. கியாஸ் லைட்டின் சூட்டில் இந்தப் பூச்சும் வியர்வையும் எண்ணெயும் கலந்து எழும் வாசனை, ஒரு காலத்தில் தமிழ்நாட்டு நாடகக் கொட்டகைகளின் பின்கட்டு முழுவதும் நிறைந்திருந்தது. இன்று ஒப்பனைக்கு டப்பாக்களில் வரும் பூச்சுகளில் அந்த வாசனை இல்லை. ஆனாலும் பங்குனி, சித்திரையில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நடக்கும் இரவில், மேடைக்குப் பின்னால் கட்டிய தட்டியை ஒட்டி நடக்கும் முதியவர்கள் சற்றே நிற்பதுண்டு. அங்கே எழும் எண்ணெய் மணத்தில் அவர்களுக்கு நினைவு வருவது அன்றிரவு மேடையேறும் நடிகர்கள் அல்லர். தாத்தாவும் அப்பாவும் சொல்லிக் கேட்ட, சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பழைய பாய்ஸ் கம்பெனிகளும், அங்கிருந்து புறப்பட்டுப் போய்ப் பெரும்பெயர் எடுத்து மறைந்தவர்களும்தான்.

தமிழ் சினிமாவின் முதல் ஐம்பது ஆண்டுகளில் திரையில் நின்ற பெரிய முகங்களில் கணிசமானவை சிறுவயதிலேயே அரிதாரம் பூசிய முகங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஆர். ராதா, எம்.என். நம்பியார், டி.எஸ். பாலையா, எஸ்.எஸ். ராஜேந்திரன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே. சாரங்கபாணி என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களுக்குப் பள்ளிக்கூடம், வீடு, தொழில் மூன்றும் ஒன்றே. அதற்குக் கம்பெனி வீடு என்று பெயர்.

அந்தப் பரம்பரைக்குத் தலைமகன் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இருபத்துநான்கு வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பார்ப்பவரை நடுங்க வைக்கும் வேடங்கள் அவருடையவை. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடிகாலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, அந்தக் கோலத்தில் அவரைக் கண்ட ஒரு பெண் அதிர்ச்சியில் உயிர்விட்டாள் என்று ஒரு கதை உண்டு. சாவித்திரி நாடகத்தில் அவருடைய எமனைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. இதற்குப் பிறகுதான் அவர் வேடம் கட்டுவதை விட்டுவிட்டு எழுதுவதிலும் பயிற்றுவதிலும் இறங்கினார் என்பார்கள். பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, வள்ளி திருமணம் என்று அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. அச்சில் கிடைப்பவை அவற்றில் சிறு பகுதியே.

பெரிய நடிகர்களை வைத்து நாடகம் நடத்திச் சலித்த பிறகுதான் சுவாமிகள் சிறுவர்களிடம் வந்தார் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. கற்றுக்கொடுத்தபடி பேசாமல், தம் இஷ்டத்துக்குப் பாட்டை நீட்டி, மேடையிலேயே ஒருவரையொருவர் மட்டம் தட்டும் பழக்கம், தனித்தனி நடிகர்களை அழைத்துச் சேர்த்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களில் மலிந்திருந்தது. பிள்ளைகள் சொன்னபடி செய்வார்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது அவர்தான் அதன் ஆசிரியர். அங்கே வந்து சேர்ந்தவர்களில் திருவனந்தபுரத்துச் சிறுவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீ பார்ட் எனப்படும் பெண் வேட நடிகர். அந்தச் சிறுவர்களில் ஆறு வயதான சண்முகம்தான் பின்னாளில் ஔவை சண்முகமானார்.

அபிமன்யு சுந்தரி நாடகம் பிறந்த விதத்தை டி.கே. சண்முகம் தம்முடைய 'எனது நாடக வாழ்க்கை' நூலில் சொல்லியிருக்கிறார். சிறுவன் சண்முகத்துக்காகச் சுவாமிகள் ஓர் இரவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பொழுது விடியும்போது நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடு முழு நாடகமும் முடிந்திருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத அந்த வேகம், அவர் தலைக்குள் எத்தனை நூற்றுக்கணக்கான பாடல்களின் ஓசை குடியிருந்தது என்பதற்குச் சான்று. அதே சுவாமிகள் கடைசியில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். சிங்கம் போல் மேடையை ஆண்ட குரல் அடங்கிய பிறகும் கம்பெனியை விட்டுப் பிரியவில்லை. பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய், 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். மணம் செய்துகொள்ளாத அவருக்குக் குடும்பம் என்றிருந்தது அந்தப் பிள்ளைகள்தான். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கும் அவருடைய நினைவிடத்துக்கு நாடகக் கலைஞர்கள் இன்றும் ஆண்டுதோறும் போய் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கம்பெனி வீடு என்பது ஊருக்கு ஊர் மாறும் வாடகை வீடு. முன்கட்டில் முதலாளியும் வாத்தியார்களும்; கூடத்தில் பிள்ளைகள்; பின்கட்டில் சமையல். சீன் படுதாக்களும் உடுப்புப் பெட்டிகளும் ஒரு புறம் அடுக்கியிருக்கும். பெட்டிகளுக்கு இடையில் கிடைத்த இடத்தில் பாயை விரித்து முப்பது நாற்பது சிறுவர்கள் படுத்திருப்பார்கள். பொழுது விடிந்தால் குரல் சாதகம். ஹார்மோனியக்காரர் சுருதி பிடிக்க, வரிசையாக உட்கார்ந்து பாட வேண்டும். பிறகு பாடம். நாடகத்தின் வசனத்துக்கும் பாட்டுக்கும் பாடம் என்றே பெயர். வாத்தியார் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பையனுக்குப் பாட்டின் வழியாகவே எழுத்தும் வந்துவிடும். தன் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது. எதிரில் நிற்பவனுடைய பாடமும் தெரிய வேண்டும். ராஜபார்ட் எனப்படும் கதாநாயக வேடக்காரப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே இன்னொருவன் நின்றாக வேண்டும்.

பாடம் தப்பினால் பிரம்படி உண்டு. மேடையில் தப்பினால் படுதாவுக்குப் பின்னால் அடி காத்திருக்கும். அடிபட்ட கண்ணீரோடு அடுத்த காட்சிக்குப் போய்ச் சிரித்துப் பாடிய பிள்ளைகள் உண்டு. சில கம்பெனிகளில் பெற்றோரிடம் வருடக் கணக்குக்கு எழுதி வாங்கிக்கொள்வார்கள். இடையில் ஓடிப்போனவனைத் தேடிப் பிடித்து வருவதும் நடக்கும். சோறு போட்டுத் துணி கொடுத்தால் போதும் என்று கொண்டுவந்து விட்ட ஏழைக் குடும்பங்களே அதிகம். இன்றைய சட்டமும் மனமும் இதைக் குழந்தைத் தொழிலாளர் முறை என்றுதான் சொல்லும். அதில் தவறில்லை. அந்தக் கடுமையிலிருந்தே பெரும் கலைஞர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. அங்கே அடிபட்டுக் குரலும் இழந்து பெயரில்லாமல் போனவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை.

அந்தப் பெயரில்லாதவர்களை உண்டாக்கியது பெரும்பாலும் மகரக்கட்டு. பருவம் வரும்போது பையனின் குரல் உடைவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நேற்று வரை பவளக்கொடியாகவும் சீதையாகவும் பாடி மெடல் வாங்கிய பையன், ஒரு மாதத்தில் கரகரத்த தொண்டையோடு நிற்பான். நல்ல வாத்தியார் அவனைச் சும்மா இருக்கச் சொல்லி, சில்லறை வேடம் கொடுத்து, புதுக்குரல் படியும் வரை காத்திருப்பார். பொறுமையில்லாத முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தமிழ் நடிகர் ஒருவருடைய வாழ்க்கையின் முதல் திருப்பம் பல நேரங்களில் இந்தத் தொண்டைக்குள் நிகழ்ந்திருக்கிறது.

புதுக்கோட்டை சின்னப்பா அப்படிப்பட்டவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பெருமைக்குரிய ராஜபார்ட்டாக இருந்தவருக்குக் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு வெளியேறி, சங்கீதத்தை முறையாகக் கற்றார். சிலம்பமும் குஸ்தியும் பழகினார். திரும்பி வந்தது 1936இல் சந்திரகாந்தா படத்தில். உத்தம புத்திரனில் இரட்டை வேடம், கண்ணகியில் கோவலன், ஜகதலப்பிரதாபனில் ஒரே பாட்டில் ஐந்து பேராகத் தோன்றிப் பாட்டும் பக்கவாத்தியமுமாக அமர்ந்த காட்சி என்று ஒரு சுற்று வந்தார். சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கினார். இனிமேல் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்று அந்த ஊரில் சொல்வார்கள். 1951இல் காலமானபோது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அதே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா ராஜபார்ட்டாக நின்றபோது கீழ் வரிசையில் நின்ற சிறுவன் எம்.ஜி. ராமச்சந்திரன். இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்து, தந்தையை இழந்து, தாய் சத்தியபாமாவோடு கும்பகோணத்துக்கு வந்த குடும்பம். வறுமையால் அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் காளி என். ரத்தினம். கோவலன் நாடகத்தில் காளி வேடம் கட்டியதால் அந்த அடைமொழி அவருக்கு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் திரையில் அவர் சிரிப்பு நடிகர். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நிலைபெற 1947இல் ராஜகுமாரி வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகழின் உச்சிக்குப் போன பிறகும் மேடையை விடவில்லை. 1959இல் சீர்காழியில் இன்பக்கனவு நாடகத்தில், எதிரில் நின்ற கனத்த நடிகரைத் தூக்கும்போது கால் முறிந்தது அவருக்கு. திரையில் வாரக்கணக்கில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் சண்டையை, மேடையில் ஒவ்வோர் இரவும் மெய்யாகவே போட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்த விபத்தால்தான் பலருக்கும் தெரிந்தது.

நாடகம் பார்க்கப் போவதும் அன்று ஒரு சடங்கு. காலையில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, பேண்டு வாத்தியத்தோடு நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். வண்டிக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகளின் கையில் கிடைத்த வண்ணக் காகிதம் பல வீடுகளில் மாதக்கணக்கில் சுவரில் ஒட்டியிருக்கும். சாயங்காலமே கட்டுச்சோறும் வெற்றிலைப் பெட்டியுமாகப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டிகள் வந்து கொட்டகைக்கு வெளியே அவிழ்த்துவிடப்படும். தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று டிக்கெட். மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதில் விழாத குரலுக்கு மரியாதையும் கிடையாது. பிடித்த பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' என்று குரல் கிளம்பினால், செத்துக் கிடக்கும் பாத்திரமும் எழுந்து மறுபடி பாடிவிட்டுச் சாக வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர் நடுவில் மேடையேறி நடிகருக்கு மெடல் குத்துவார். நாடகம் நின்று, அவர் பேசி இறங்கிய பிறகு தொடரும். மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். இன்று ஒன்றரை மணி நேர சபா நாடகத்துக்கு வருபவர், இடைவேளையில் வண்டியை எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்கிறார். அதுவும் காலத்தின் ஒழுங்குதான்.

மைக் இல்லாத காலத்தின் முடிசூடிய குரல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடையது. சிறுவயதிலேயே மேடையேறி, கன்னையா கம்பெனியின் தசாவதாரம் போன்ற பிரம்மாண்ட நாடகங்களில் பாடிப் புகழ்பெற்றவர். கொடுமுடியில் பிறந்து, வறுமையில் பாடிப் பிழைத்து, சிறுமியாக நாடகத்துக்கு வந்த கே.பி. சுந்தராம்பாளும் அவரும் கொழும்பில் ஒரே மேடையில் பாடியது 1926 வாக்கில். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய்வந்த காலம் அது. பாட்டில் போட்டியாகத் தொடங்கியது திருமணத்தில் முடிந்தது. வள்ளியும் முருகனுமாக அவர்கள் நின்ற இரவுகளில் கொட்டகை கொள்ளாது. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைப் புடவை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி.

அந்த உறுதியை அவர் கடைசி வரை காத்த விதம் கவனிக்கத் தக்கது. 1935இல் பக்த நந்தனார் படத்துக்கு அவரை அழைத்தபோது ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பேசப்பட்டது. அன்றைய இந்தியத் திரையுலகில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. அதில் அவர் ஏற்றது நந்தனாரின் ஆண் வேடம். பிறகு மணிமேகலையின் துறவு, ஔவையாரின் முதுமை. கதாநாயகனே தேவைப்படாத பாத்திரங்களை வரிசையாகத் தேர்ந்து, அவற்றாலேயே உச்சியில் நின்ற நடிகை தமிழில் வேறொருவர் இல்லை. துணைவன் படத்தில் பாடியதற்காக அறுபதைத் தாண்டிய வயதில் தேசிய விருதும் பெற்று, 1980இல் மறைந்தார்.

சுந்தராம்பாள் திரையில் ஔவையாரானதற்குப் பத்தாண்டுக்கு முன்பே மேடையில் ஔவையாராக இருந்தவர் டி.கே. சண்முகம். அவரும் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். சங்கரன் நிர்வாகம், முத்துசாமி எழுத்தும் பயிற்சியும், சண்முகமும் பகவதியும் நடிப்பு என்று நால்வரும் பங்கிட்டுக்கொண்டார்கள். புராணத்தோடு நின்றுவிடாமல் மேனகா, குமாஸ்தாவின் பெண் போன்ற சமூக நாடகங்களை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஔவையார் நாடகத்தில் முப்பதைத் தொட்ட ஆண்மகனான சண்முகம், கூன் விழுந்த முதுகும் நடுங்கும் குரலுமாகக் கோலூன்றி வரும்போது, உள்ளே இருப்பது ஆண் என்பதை மறந்து பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிறுவயதில் ஸ்திரீ பார்ட் பார்த்தும் பழகியும் வளர்ந்த உடம்பு அவருக்குக் கைகொடுத்தது. 1944இல் ஈரோட்டில் நாடகத்துக்கென்று மாநாடு கூட்டியதும் இந்தச் சகோதரர்களே. சண்முகம் 1973இல் மறைந்தார். சென்னையின் லாயிட்ஸ் சாலை இப்போது அவ்வை சண்முகம் சாலை. சிறுவனாக அவருடைய குழுவில் பயிற்சி பெற்ற கமல்ஹாசன், 1996இல் தாம் பெண் வேடமிட்ட படத்துக்கு அவ்வை சண்முகி என்று பெயர் வைத்தது குருவுக்குச் செய்த மரியாதை.

அந்த சபாவிலிருந்து வந்தவர்களுள் முதல்வர் நாகர்கோவில் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்த பையன், உள்ளே நடப்பதைப் பார்த்துப் பார்த்தே நடிகரானவர். வில்லுப்பாட்டு அவருக்கு ஊரின் சீதனம். பபூன் என்றால் குட்டிக்கரணமும் ஆபாசப் பேச்சும் என்றிருந்ததை மாற்றி, சிரிப்புக்குள் செய்தி வைத்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்தபோது, அவர் பெயரால் நாடக சபையை நடத்தி அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர் பழைய கம்பெனித் தோழர் எஸ்.வி. சகஸ்ரநாமம். ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களின் உறவு அப்படிப்பட்டது. 1947இல் விடுதலையான கிருஷ்ணன் மறுபடி எழுந்தார். சம்பாதித்ததைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். 1957இல் நாற்பத்தெட்டு வயதில், கையிருப்பு கரைந்த நிலையில் மறைந்தார். அவரோடு சிறை மீண்ட பாகவதருக்கோ பழைய வாழ்வு திரும்பவில்லை. மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸின் நாயகன் 1959இல் காலமானார்.

நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபா வேறு வகை. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்ததால் அந்தப் பட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது. பக்தியும் தேசியமும் அவருக்கு இரு கண்கள். பிரார்த்தனையும் கட்டுப்பாடும் சேர்ந்து கம்பெனி வீட்டை மடம்போல் ஆக்கின. இயேசுநாதர், ஐயப்பன், தசாவதாரம் என்று அவர் போட்ட நாடகங்களில் மேடையில் மழையும் வெள்ளமும் யானையும் வந்ததாகப் பார்த்தவர்கள் சொல்லித் தீராது. பதின்மூன்று வயதில் அங்கே சேர்ந்த எம்.என். நம்பியார், பின்னாளில் திரையில் கொடுமையின் மறுபெயரானார். வீட்டிலோ சைவ உணவும் சபரிமலை விரதமுமாக வாழ்ந்தார். ஐயப்ப பக்தர்களுக்கு அவர் மகா குருசாமி. வில்லன் நடிகர் ஒருவர் இத்தனை ஒழுக்கமாக இருந்தாரே என்று வியப்பவர்கள் உண்டு. அவரை வளர்த்த கம்பெனியை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. 2008 நவம்பரில், ஐயப்பன்மார் மாலை போடும் கார்த்திகையின் தொடக்கத்தில், எண்பத்தொன்பது வயதில் அவர் மறைந்தார்.

இதற்கு நேர் எதிர்முனையில் நின்றவர் எம்.ஆர். ராதா. சிறுவயதில் வீட்டை விட்டு ஓடி வந்து, கம்பெனி கம்பெனியாக மாறி, ஜெகந்நாதய்யர் கம்பெனியில் பெயர் எடுத்தார். மேடைக்கு வேண்டிய மின்சார வேலையும் மோட்டார் வேலையும் கற்றவர். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர் அவருடைய கையில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாடகமாக மாறியது. அன்று காலைச் செய்தித்தாளில் வந்தது அன்றிரவு வசனத்தில் இருக்கும். முன்வரிசையில் யாராவது கொட்டாவி விட்டால் அதுவும் இருக்கும். அது 1954இல் படமானபோது, சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்சத்துக்கு மேல் இருபத்தைந்தாயிரம் சேர்த்துக் கேட்டு வாங்கினார் என்பது திரையுலகில் வழங்கும் கதை. அவர் நடத்திய ராமாயண நாடகத்தின்போது அரசு நாடகச் சட்டத்தையே இறுக்கியது. 1967இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் சிறை சென்றார். விடுதலையான பிறகும் மேடைக்குத் திரும்பினார். அவர் திருச்சியில் உயிர்விட்டது 1979 செப்டம்பர் 17. தாம் தலைவராகக் கொண்ட பெரியாரின் நூறாவது பிறந்தநாள் அது.

சிவாஜி கணேசன் கம்பெனிக்கு வந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். திருச்சியில் கட்டபொம்மன் கூத்துப் பார்த்த ஆசையில், தாய் தந்தை இல்லாதவன் என்று பொய் சொல்லி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தார். முதல் வேடம் சீதை. ஆண்டுக்கணக்கில் வீட்டு முகம் பார்க்காமல் பெண் வேடமும் சில்லறை வேடமுமாக வளர்ந்தார். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தபோது பெரியார் வாயால் வந்த பெயரே அவருக்கு நிலைத்தது. 1952இல் பராசக்தி வந்தது. அந்தப் படத்தின் மூன்று சகோதரர்களாக நடித்த சிவாஜி, எஸ்.எஸ். ராஜேந்திரன், சகஸ்ரநாமம் மூவருமே பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள். நீளமான வசனத்தை ஒரே மூச்சில் பேசிய அந்தத் திறத்தைப் புதுமை என்று திரை ரசிகர்கள் கொண்டாடினார்கள். விடிய விடியப் பாடம் சொல்லிப் பழகியவர்களுக்கு அது அன்றாட வேலை. சிவாஜியோடு கம்பெனியில் இருந்த காகா ராதாகிருஷ்ணன், 1992இல் தேவர் மகனில் அவருக்குப் பகையான தம்பியாக எதிரே நின்றார்.

இந்தக் கம்பெனிப் பயிற்சியைத் திரையில் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் திருவிளையாடலில் நக்கீரர் வாதிடும் காட்சியைப் பார்க்கலாம். சிவனாக நிற்பவர் சிவாஜி. நக்கீரராக எதிர்வாதம் செய்பவர் படத்தின் இயக்குநரான ஏ.பி. நாகராஜன்; டி.கே.எஸ். சபாவில் ஸ்திரீ பார்ட் நடித்து வளர்ந்தவர். இருவரும் ஒருவர் முடித்த மூச்சில் மற்றவர் தொடங்குகிறார்கள்.  கண்ணும் புருவமும் சேர்ந்து பேசுகின்றன. மேடையில் எதிராளியின் பாடத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்தவர்களால் மட்டுமே இப்படி வாதாட முடியும். அதே படத்தில் ஔவையாராகச் சுந்தராம்பாள், ஹேமநாத பாகவதராகப் பாலையா. பழைய கம்பெனிக் கூடத்தையே நாகராஜன் கேமராவுக்கு முன் கூட்டியிருந்தார். டி.கே.எஸ். மேடையில் பகவதி நடித்துப் புகழ்பெற்ற ராஜராஜ சோழனை 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக எடுத்தவரும் அவர்தான். 1977இல் அவர் மறைந்ததோடு மேடை மரபைத் திரைக்கு மாற்றித் தந்த கை ஓய்ந்தது.

பேசும் படம் வந்ததும் கம்பெனிகள் உடனே சாகவில்லை. முதலில் நடிகர்கள் போனார்கள். 1936இல் வந்த சதி லீலாவதி ஒரே படத்தில் எம்.ஜி.ஆர்., பாலையா, தங்கவேலு என்று பலரையும் திரையில் சேர்த்தது. பிறகு கொட்டகைகள் போயின. நாடகத்துக்கு வாடகைக்கு விட்ட இடங்களில் புரொஜெக்டர் வந்து உட்கார்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்களே 1950இல் கம்பெனி முறையைக் கலைத்தார்கள். பிள்ளைகளைக் குடியமர்த்திச் சோறு போட்டுப் பழக்கும் வழக்கம் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. பெண் வேடத்துக்குப் பெண்களே வரத் தொடங்கினார்கள். பள்ளத்தூரில் நாடகத்தில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டிய மனோரமா அந்த அடுத்த தலைமுறை. அவரும் 2015இல் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு எஸ்.எஸ்.ஆர்., 2012இல் காகா ராதாகிருஷ்ணன். சிவாஜி மறைந்தது 2001இல். பாய்ஸ் கம்பெனியில் அடிபட்டுக் கற்று, திரையில் பெரும்பெயர் எடுத்த வரிசை இத்துடன் அநேகமாக முடிந்துவிட்டது.

இவர்களுடைய வாழ்வை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திரை இவர்களுக்குப் புகழையும் பணத்தையும் கொடுத்தது. தொழிலைக் கொடுத்தது கம்பெனி வீடு. உச்சரிப்பு, மூச்சு, நினைவாற்றல், தாளம், எதிரே நிற்பவருக்கு இடம்விடும் பண்பு எல்லாமே திரைக்கு வருமுன் கற்றவை. அந்தக் கல்வியை நடத்திய வாத்தியார்களில் ஒரு சிலர் தவிர மற்றவர்களின் பெயர் கூட மிஞ்சவில்லை. அவர்களோடு பாடம் படித்து, மகரக்கட்டில் குரல் போய், ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயரும் மிஞ்சவில்லை. திரைப்படங்கள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன, சாலைப் பெயர்கள் இருக்கின்றன. மேடையின் சான்றுகள்தான் குறைவு. அவை நாடக நோட்டீஸ்களாகவும் காலணா விலைப் பாட்டுப் புத்தகங்களாகவும், பாடம் எழுதிய நோட்டுகளாகவும், கழுத்தில் மெடல் தொங்கும் மங்கிய புகைப்படங்களாகவும் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய பேப்பர்காரரின் தராசில் போட வேண்டாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இத்தகைய தாள்களைச் சேர்த்துப் பாதுகாக்கின்றன. தாத்தா நாடகத்தில் இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் அவர் பெயர் அச்சான ஒரு நோட்டீஸையாவது அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.